மலை பங்களாவின் நேர்க்கால் நாற்காலிகள்: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகைச் சாமானைப் பற்றியவை. நேராக இறங்கி அடியில் ஒடுங்கும் கால், கேடயமோ யாழோ போன்ற முதுகு, ஜாடி, மாலை, தாமரை இதழ் மாதிரியான மெல்லிய செதுக்கல். நியோகிளாசிக்கல் என்று அழைக்கப்படும் பாணி இது. அந்தக் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

குன்னூர் வாசகி: எஸ்டேட் பங்களா ஒன்றைச் சாமான்களோடு வாங்கினோம். உணவு மேசையைச் சுற்றி எட்டு நாற்காலிகள் இருக்கின்றன. முதுகு கேடய வடிவம், முன்கால்கள் நேராக இறங்கி ஒடுங்குகின்றன. "அசல் ஹெப்பிள்வைட், 1780" என்று தரகர் சொல்கிறார். நம்பலாமா?

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். ஜார்ஜ் ஹெப்பிள்வைட் லண்டனில் மரச்சாமான் செய்தவர். 1786-ல் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் 1788-ல் வெளியிட்ட வரைபடப் புத்தகத்தால்தான் அவர் பெயர் நிலைத்தது. அவர் பட்டறையில் செய்தது என்று உறுதியாகக் காட்டக்கூடிய சாமான் ஒன்றுகூட இல்லை. ஆகவே "அசல் ஹெப்பிள்வைட்" என்று எவர் சொன்னாலும் அந்தச் சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். "ஹெப்பிள்வைட் மாதிரி" என்பதே சரியான பேச்சு.

அடுத்து ஊரின் வயது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு முதலில் வந்தது 1819-ல். ஊட்டியில் அவர் வீடு எழும்பியது 1822–23-ல். 1780-ல் இந்த மலையில் மேசை போட்டுச் சாப்பிடும் பங்களாவே கிடையாது. பிறகு வந்தவர்கள் பழைய நாற்காலிகளைக் கொண்டுவந்திருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் 1870-க்குப் பிறகு இங்கிலாந்தில் இதே பாணி மறுபடியும் நாகரிகமாகி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இயந்திரப் பட்டறைகள் ஏராளமாகச் செய்து தள்ளின. ரயில் குன்னூரை எட்டியது 1899-ல். எஸ்டேட் பங்களாக்களில் இன்று காணும் கேடய முதுகு நாற்காலிகளில் பெரும்பங்கு இந்த இரண்டாம் சுற்றைச் சேர்ந்தது, அல்லது அதைப் பார்த்து நம் தச்சர்கள் தேக்கிலும் ஈட்டி (ரோஸ்வுட்) மரத்திலும் செய்தது. இரண்டாவது வகையை நாங்கள் குறைத்து மதிப்பிட மாட்டோம். இங்கிலாந்துப் படத்தைப் பார்த்து ஈட்டியில் செய்த நல்ல நாற்காலி, அங்கே இயந்திரத்தில் வந்ததைவிட மூட்டில் உறுதியாக இருக்கும்.

இனிச் சோதனை. நாற்காலியைக் கம்பளியின் மேல் கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். வயதைச் சொல்வது முகப்பல்ல, அடிப்பக்கம்.

திருகாணி ஒன்றைக் கழற்றுங்கள். நுனி மொட்டையாக, மரை ஒழுங்கில்லாமல், தலையின் வெட்டு நடுவிலிருந்து விலகி இருந்தால் 1850-க்கு முந்தையதாக இருக்கலாம். நுனி கூராக இருந்தால் அதற்குப் பிந்தையது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பழுது பார்த்தவர் மாற்றியிருப்பார், நான்கைந்தையாவது பாருங்கள். சீட் சட்டத்தின் உட்புறத்தில் ரம்பத் தடத்தைத் தேடுங்கள். நேர்க்கோடுகள் இடைவெளி மாறி மாறி வந்தால் கைரம்பம். வில்போல் வளைந்த கோடுகள் வந்தால் வட்ட ரம்பம், அதாவது 19-ஆம் நூற்றாண்டு நன்றாக நகர்ந்த பிறகு. சீட் சட்டத்தின் மரமே தேக்கு என்றால் நாற்காலி பெரும்பாலும் இந்தியாவில் செய்தது. இங்கிலாந்து வேலையில் வெளியே மஹாகனியும், மெத்தைக்கு அடியில் மறையும் சட்டத்தில் பீச் மரமும் வழக்கம்.

கடைசியாக, கேடயத்தின் கீழ் முனை. நல்ல கேடய முதுகு சீட்டைத் தொடாது, பின்கால்கள் மேலே நீண்டு வளைந்து அதைத் தாங்கி நிற்கும். சாய்ந்து உட்காருபவரின் முழு எடையும் அந்த வளைவில் விழுவதால் முறிவதும் அங்கேதான். அந்த இடத்தில் இரும்புத் தகடோ, புட்டியோ, நிறம் மாறிய பாலிஷோ தெரிந்தால் அது ஒட்டுப்போட்ட நாற்காலி. எட்டில் எத்தனை அப்படி என்று எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.

ஊட்டி வாசகர்: லூயி, ஆடம், எம்பயர், ரீஜென்சி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாமே நியோகிளாசிக்கல்தானா? எப்படிப் பிரித்தறிவது?

எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-ல் புதைத்த ஹெர்குலேனியத்தை 1738-லும் பொம்பெயியை 1748-லும் தோண்டத் தொடங்கினார்கள். ரோமானியர் வீடு, சுவரோவியம், விளக்கு, இருக்கை என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. அதுவரை ஐரோப்பிய மாளிகைகளில் ரோகோகோ பாணி ஆட்சி செய்தது. அதில் நேர்க்கோடே அபூர்வம்: கால் பாம்பாக வளையும், சிப்பி வடிவம் எங்கும் ஏறும், இடப்பக்கம் வலப்பக்கத்தைப் போல் இருக்காது. அதற்கு எதிர்வினையாக, அந்த ரோமானிய வடிவங்களைப் பார்த்து எழுந்தது இந்த நேர்க்கால் பாணி. இங்கே இரு பக்கமும் ஒத்திருக்கும், அலங்காரம் கட்டத்துக்குள் அடங்கும்.

பிரான்சில் இதற்குப் பதினாறாம் லூயியின் (1774–1792) பெயர். அவர் பட்டத்துக்கு வருமுன்பே மாற்றம் தொடங்கிவிட்டது. உருண்டையான கால், நெடுகப் பள்ள வரிகள், கால் சீட்டோடு சேரும் இடத்தில் ஒரு சதுரக் கட்டை, அதன் முகத்தில் ஒரு வட்டப்பூ. இந்தச் சதுரக் கட்டைதான் உறுதியான அடையாளம். இங்கிலாந்தில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் 1758-ல் இத்தாலியிலிருந்து திரும்பி, சுவர், கூரை, மேசை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் அடக்கினார். தாமஸ் ஷெரட்டனின் வரைபடப் புத்தகம் 1791-லிருந்து வந்தது. சதுர முதுகும் மெல்லிய புடைப்பு வரிக் காலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

பள்ள வரியா, புடைப்பு வரியா என்று குழப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு காலின் குறுக்கே விரலை ஓட்டுங்கள். விரல் நுனி குழிகளில் இறங்கி இறங்கி ஏறினால் ஃப்ளூட்டிங், மேடுகளின் மேல் ஏறி ஏறி இறங்கினால் ரீடிங். முந்தையது ஆடம் காலத்துக்கும் பிந்தையது ஷெரட்டன் காலத்துக்கும் நெருக்கமானது. முழு விதி அல்ல, ஆனால் பலமுறை உதவும்.

எம்பயர் நெப்போலியனுடையது. பெரிய மஹாகனிப் பரப்பு, அதன் மேல் பொன்முலாம் பூசிய வெண்கல உருவங்கள். அவர் 1798-ல் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு ஸ்பிங்க்ஸும் தாமரையும் சேர்ந்தன. ரீஜென்சி என்பது இங்கிலாந்தில் அரசருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம்: அரசியல் கணக்கில் 1811–1820, பாணிக் கணக்கில் அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள். கிரேக்கப் பானை ஓவியங்களில் வரும் கிளிஸ்மோஸ் நாற்காலியைப் பார்த்து, வாள்போல வளைந்த கால் வந்தது இதில்தான். தாமஸ் ஹோப் 1807-ல் வெளியிட்ட வரைபடங்கள் இதைப் பரப்பின. ஈட்டி மரத்தில் பித்தளைக் கம்பி பதிப்பதும் இந்தக் காலத்து விருப்பம்.

ஊட்டி பிறந்தது 1820-களில். எனவே நம் மலைக்கு உண்மையிலேயே சமகாலமானது ரீஜென்சியின் கடைசிக் கட்டம். வாள்காலும் பித்தளைப் பதிப்பும் கொண்ட ஈட்டிச் சாமான் உங்கள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

கோத்தகிரி தச்சர்: இந்தப் பாணியில் ஒரு பக்க மேசை ஆர்டர் வந்திருக்கிறது. ஒடுங்கும் சதுரக் கால், அடியில் மண்வெட்டிப் பாதம் (கால் முடியும் இடத்தில் சற்றுப் பருத்த கட்டை), காலில் வரி. அளவு சொல்லுங்கள். சில்வர் ஓக் போதுமா?

மரத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில்வர் ஓக் எஸ்டேட்டில் மலிவாகக் கிடைக்கும், பூவும் அழகு. ஆனால் இந்தப் பாணியின் உயிர் கூரான விளிம்பு. சில்வர் ஓக்கில் அந்த விளிம்பு நிற்காது, இரண்டு வருடத்தில் மழுங்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். தேக்கு எடுங்கள், வைரம் ஏறிய பாகமாக, ஈரம் 12 சதவீதத்துக்குள்.

கால் 42 மி.மீ. சதுரம், நீளம் 73 செ.மீ. சுற்றுச் சட்டம் 12 செ.மீ. உயரம், 20 மி.மீ. கனம். கழுந்து (காலின் துளைக்குள் நுழையும் சட்ட முனை) 7 மி.மீ. கனம், 25 மி.மீ. ஆழம். ஒரே காலில் இரண்டு துளைகளும் உள்ளே சந்திக்கும், அதனால் கழுந்து முனைகளை 45 பாகையில் சீவுங்கள். துளை போடுவது முதலில், கால் ஒடுக்குவது பிறகு. மாற்றிச் செய்தால் மட்டம் பிடிக்க நேர்முகம் இருக்காது, துளை சாய்ந்துவிடும்.

ஒடுக்கம் சட்டத்தின் அடிவிளிம்பிலிருந்து 1 செ.மீ. கீழே தொடங்கட்டும். உட்பக்கமுள்ள இரண்டு முகங்களை மட்டும் சீவி 42-ஐ 22 மி.மீ. ஆக்குங்கள். வெளிமுகங்கள் செங்குத்தாக நிற்கவேண்டும். பலர் நான்கு பக்கமும் சீவுகிறார்கள். அப்போது கால் உள்பக்கம் சாய்ந்தது போலத் தெரியும், மேசை மெலிந்த கன்றுக்குட்டி மாதிரி நிற்கும்.

பாதத்துக்கு 6 செ.மீ. உயரம் போதும். பழைய உயர்ந்த வேலையில் காலையும் பாதத்தையும் ஒரே கட்டையில் எடுப்பார்கள். மரம் மிச்சமாக வேண்டுமென்றால், ஒடுக்கிய காலின் நான்கு பக்கமும் 6 மி.மீ. சில்லு ஒட்டிப் பிறகு சீவுங்கள். சில்லு அதே காலிலிருந்து வெட்டிய துண்டாக, இழை அதே திசையில் நெடுக்காக இருக்கவேண்டும். குறுக்கிழையில் ஒட்டினால் முதல் பனிக்காலத்திலேயே விட்டுவிடும்.

வரி விஷயத்தில் எங்கள் யோசனை: ஒடுங்கும் காலில் ஃப்ளூட்டிங் வேண்டாம். வரியின் அகலம் மாறாமல் ஓடினால் கீழே விளிம்பைத் தின்றுவிடும். வரியும் இடைவெளியும் சேர்ந்தே ஒடுங்கவேண்டும், அதைக் கையால் செதுக்க நாலு காலுக்கும் நாட்கணக்கில் ஆகும். விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே 1 மி.மீ. வெளிர்மரக் கோடு பதியுங்கள். இங்கிலாந்தில் அதற்குப் பாக்ஸ்வுட். நமக்கு மஞ்சக்கடம்பு போதும்: இழை நெருக்கம், நிறம் இதமான மஞ்சள். ஷெரட்டன் மாதிரிச் சாமான்களின் பாதி அழகு இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

கொடைக்கானல் வாசகி: 90 செ.மீ. அகலத் தேக்கு மேசை. பிப்ரவரியில் பலகை வெடித்தது. புட்டி அடைத்துக் கீழேயிருந்து திருகாணி முடுக்கித் தந்தார்கள். மறு வருடம் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு. மரம் கெட்டுவிட்டதா?

மரம் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. பழுது பார்த்த முறைதான் தப்பு.

காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும்போது மரத்தில் ஏறத்தாழ 16 சதவீத ஈரம் தங்கும். 50 சதவீதக் காற்றில் அது 9-க்கு இறங்கும். உங்கள் ஊரில் அக்டோபர், நவம்பர் மழையும் மூடுபனியும் ஒரு எல்லை, கணப்பு எரியும் ஜனவரி, பிப்ரவரி அறை இன்னொரு எல்லை. இந்த வித்தியாசத்தில் 90 செ.மீ. தேக்குப் பலகை இழைக்குக் குறுக்கே அரை முதல் ஒரு செ.மீ. வரை சுருங்கும், விரியும். நீளவாக்கில் அசைவு தெரியவே தெரியாது. அதை அடியில் திருகாணியால் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், சுருங்க இடமில்லாமல் எங்காவது பிளக்கத்தான் செய்யும்.

புட்டி செய்த கேடு வேறு. வெடிப்பு அகன்றிருந்த வறட்சியில் அடைத்தார்கள். மழைக்காலத்தில் பலகை விரிந்தபோது மூட வேண்டிய வெடிப்பு மூட முடியாமல், பக்கத்து இழைகள் நசுங்கின. நசுங்கிய இழை திரும்ப எழாது. அடுத்த வறட்சியில் பலகை முன்னைவிட அதிகமாகச் சுருங்கிப் பக்கத்தில் பிளந்தது.

செய்யவேண்டியது: திருகாணிகளை எல்லாம் கழற்றுங்கள். அகலத்தின் நடுவில் உள்ளவை மட்டும் பழைய இடத்தில் இருக்கட்டும். மற்றவற்றின் சட்டத் துளையை இழைக்குக் குறுக்கான திசையில் 12 மி.மீ. நீளத்துக்கு இழுத்து, வாஷர் வைத்து, பலகை நகரும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். புட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு மழையும் ஒரு வறட்சியும் அப்படியே விடுங்கள். பாதி வெடிப்பு தானாக மூடிக்கொள்ளும். மீதியில் அதே மரத்தின் ஆப்புச் சீவலை வச்சிரப் பசையில் இறக்கி, காய்ந்தபின் மட்டமாகச் சீவலாம். கணப்பிலிருந்து மேசை இரண்டு மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

குன்னூர் வாசகர்: நவம்பரில் மேசைக்கு ஸ்பிரிட் பாலிஷ் போட்டேன். ஒரு மணி நேரத்தில் முழுவதும் வெண்மை படர்ந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கட்டுமா?

உப்புத்தாளைத் தொடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குன்னூரின் நவம்பர் காற்று நீரைத் தாங்கமுடியாமல் அந்தக் குளிர்ந்த பரப்பில் விட்டுவிடுகிறது. அந்த ஈரம், பாலிஷில் கரைந்துள்ள அரக்கின் படலத்தில் சிக்கி வெண்மையாகத் தெரிகிறது. வெயில் காயும் நாளில் ஜன்னலைச் சாத்தி அறையைச் சூடாக்கி, பஞ்சுப் பொதியில் ஸ்பிரிட் தொட்டு, கையில் ஈரம் படாத அளவுக்குப் பிழிந்து, வெண்மையின் மேல் நிற்காமல் இழுத்துக்கொண்டே போங்கள். படலம் திறந்து ஈரம் வெளியேறும். ஒரே இடத்தில் பொதியை நிறுத்தினால் அரக்கு பெயர்ந்து வந்துவிடும்.

அடுத்த முறைக்கு: ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 240 கிராம் அவலரக்கு. ஓரிரவு ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்த கரைசல் பிசுபிசுப்பாகவே நிற்கும், கொட்டிவிடுங்கள். பொதி ஒட்டினால் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீரில் போடுங்கள்.

பழைய சாமானில் இருப்பது அரக்குதானா என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு அரை நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள். ஒட்டினால் அரக்கு. அதன் மேல் வார்னிஷோ பாலியூரித்தேனோ பூசவே கூடாது. பழைய படலத்தைச் சுரண்டி எடுப்பதும் கூடாது. நூறு வருட நிறம் அதில்தான் இருக்கிறது.

ஊட்டி வாசகி: பழைய சாமான் பட்டியலில் "பிளாக்வுட் மேசை" என்று இருக்கிறது. ஆனால் மேசை கறுப்பாக இல்லை, வெளிர் பழுப்பு.

இந்தியாவில் அந்தக் காலத்தில் பிளாக்வுட் என்றால் ஈட்டி. நீலகிரியில் மட்டும் இன்னொன்றும் உண்டு: 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட அகேசியா இனம், அதற்கும் பிளாக்வுட் என்றே பெயர். ஈட்டி கருஊதா வரியோடு கனமாக இருக்கும். அகேசியா பொன்பழுப்பு, எடை குறைவு. உங்களுடையது இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் அது மரம் வளர்ந்து முதிர்ந்தபின், இந்த மலையிலேயே செய்தது.

பெருமாள்மலை வாசகர்: பிரம்பு சீட் நாற்காலிகள் தொய்ந்துவிட்டன, பூஞ்சணமும் பிடிக்கிறது. மெத்தை தைத்துவிடலாமா?

வேண்டாம். மெல்லிய சட்டத்துக்கு பாரமில்லாத பிரம்புதான் பொருத்தம். பின்னல் அறுந்திருக்காவிட்டால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் மட்டும் வெந்நீர் தோய்ந்த துணியை இருபது நிமிடம் போட்டுவைத்து, நிழலில் ஓரிரவு காயவிடுங்கள். பிரம்பு காயும்போது சுருங்கி இறுகும். மேற்பக்கம் வழவழப்பான தோல், அதில் நீர் இறங்காது.

அறுந்திருந்தால் புதிதாகப் பின்னவேண்டும். நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு, மூலைவிட்டத்தில் இரண்டு என ஆறு ஓட்டம். பிரம்பை இருபது நிமிடத்துக்கு மேல் ஊறவைக்காதீர்கள், நிறம் மங்கும். முதல் ஓட்டத்தை முறுக்கேற்றி இழுக்காதீர்கள். இழுத்தால் ஆறாவது ஓட்டம் நுழைய இடமிருக்காது, பின்னல் காய்ந்ததும் துளைகளுக்கு இடையில் சட்டம் பிளக்கும். பூஞ்சணத்துக்குக் காரணம் வெளிச்சுவர். நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டாலே பாதி குறையும்.

குன்னூர் வாசகர்: தந்தம் பதித்த பெட்டி ஒன்று வந்திருக்கிறது. விற்கலாமா?

தந்த வியாபாரம் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை. விற்பது பற்றி எண்ணாமல், வைத்திருப்பதற்கே மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆனால் முதலில் அது தந்தம்தானா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பென்றால் கறுத்த சிறு புள்ளிகளும் கீறல்களும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோல் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வளைகோடுகள் ஓடும். பதிப்பு விசாகப்பட்டினத்து வேலையாக இருந்தால் அருமையான பொருள். 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கைவினைஞர்கள் ஆங்கிலேய வரைபடங்களையே பார்த்து ஈட்டியிலும் கருங்காலியிலும் தந்தம் பதித்தார்கள். ஈரத்துணி படவேண்டாம், தந்தம் வளைந்து பசையை விட்டு எழும்.

கொடைக்கானல் வாசகர்: மேசைக் காலின் பித்தளைச் சிங்கப்பாதம் கறுத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

வெறும் பித்தளையாக இருந்தால் மட்டும், அதுவும் கழற்றி எடுத்துத் தேய்த்து, கழுவி, முழுதும் உலர்த்திய பிறகு மாட்டுங்கள். மரத்தோடு வைத்துத் தேய்த்தால் புளிச்சாறு விளிம்பில் இறங்கிப் பச்சைக் களிம்பு பூக்கும், பாலிஷும் வெளுக்கும். இடுக்குகளில் மங்கிய பொன்நிறம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அது பொன்முலாமாக இருக்கலாம். அதற்குப் புளியும் கூடாது, மெட்டல் பாலிஷும் கூடாது. இளஞ்சூடான நீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம், மென்மையான தூரிகை, பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது, அவ்வளவுதான்.